ஊர்க்கோடியாக இருந்த மூன்று பேட்டைகள்

மதுரையிலோ தஞ்சாவூரிலோ இருந்து சென்னைக்கு மாற்றலாகி வருகிறவருக்குச் சொந்தக்காரர்கள் சொல்லும் யோசனை பெரும்பாலும் மூன்று பெயர்களைச் சுற்றியே இருக்கும். மயிலாப்பூர் என்றால் கோயிலும் பள்ளிக்கூடமும் காலடியில். தி.நகர் என்றால் ரயிலும் பஸ்ஸும் கடையும். அடையாறு என்றால் மரமும் கடற்காற்றும். மூன்றையும் புகழ்ந்து முடித்த கையோடு, ‘ஆனா அந்தப் பக்கம் வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது’ என்றும் அவர்களே சொல்லிவிடுவார்கள். வந்தவர் புரோக்கர்களோடு சில வாரம் அலைந்துவிட்டு மடிப்பாக்கத்திலோ குரோம்பேட்டையிலோ மேடவாக்கத்திலோ பால் காய்ச்சுவார். மயிலாப்பூருக்கு வெள்ளிக்கிழமை போவார், தி.நகருக்குத் தீபாவளிக்குப் போவார்.

இதில் வருந்த ஒன்றுமில்லை. நடுத்தர வர்க்கத்தின் நல்ல விலாசங்களாக இன்று பெயர் பெற்ற இந்த மூன்று பேட்டைகளும் ஒரு காலத்தில் ஊர்க்கோடிகள்தாம். மயிலாப்பூர் சம்பந்தர் பாடிய பழம்பதி. 1639இல் கோட்டைக்கு நிலம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு அது தெற்கே தள்ளியிருந்த வேறு ஊர். தி.நகர் நூறு ஆண்டுக்கு முன்பு ஏரி. அடையாறு ஆற்றுக்கு அப்பால் தோப்பும் தோட்ட வீடுகளும். இவற்றை விலாசமாக்கியவர்களில் பெரும்பாலோர் சென்னையில் பிறந்தவர்கள் அல்லர். காவிரிக் கரையிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். இன்று வருகிறவர் பார்க்க வேண்டியது அந்தப் பெயர்களை அல்ல, அந்த முதல் தலைமுறை எதைப் பார்த்து அங்கே இறங்கியது என்பதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் எண்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1901இல் சென்னையின் மக்கள்தொகை சுமார் 5.09 லட்சம். இருபது ஆண்டு கழித்து 1921இல் 5.27 லட்சம். ஏறக்குறைய தேங்கிக் கிடந்த நகரம் என்றே சொல்லலாம். 1941இல் 7.77 லட்சமானது. அடுத்த பத்தே ஆண்டில், 1951இல் 14.16 லட்சம். எல்லை விரிவாக்கமும் இதில் சேர்ந்திருக்கிறது என்றாலும், ஏறக்குறைய இரட்டிப்பு என்பது சாதாரணமல்ல. தி.நகர் நிரம்பியதும் அடையாற்றில் காந்தி நகர் எழுந்ததும் இந்த வெள்ளத்தில்தான்.

வெளியூர்க்காரர் ஒரே தாவலில் பட்டணம் வந்துவிடுவதில்லை. இங்கிலாந்தின் குடிக்கணக்கை ஆராய்ந்த ராவென்ஸ்டைன், 1885இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பெரும்பாலான குடிபெயர்வு குறைந்த தூரத்துக்கே நடக்கிறது, படிப்படியாகவே மக்கள் பெருநகரை நெருங்குகிறார்கள் என்றார். தமிழில் இதற்கு உ.வே.சாமிநாதையரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் பிறந்து, மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் படித்து, 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு வேலைக்கு வந்து, 1903இல்தான் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலானார். அப்போது அவருக்கு வயது 48. வீடு பார்த்தது திருவல்லிக்கேணியில், பிள்ளையார் கோயில் தெருவில். கல்லூரி சேப்பாக்கத்தில், நடந்தே போய்விடலாம். வாடகைக்குக் குடிபோன அந்த வீட்டையே பிறகு வாங்கித் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது திருக்கழுக்குன்றத்துக்குப் போனவர், அங்கேயே காலமானார். அவர் சேர்த்த ஏடுகளுக்காக அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி முன்னின்று அடையாற்றில் நூலகம் அமைத்தார். அது இப்போது பெசன்ட் நகரில் இருக்கிறது. கும்பகோணம், திருவல்லிக்கேணி, அடையாறு, பெசன்ட் நகர்: அந்த ஏடுகள் போன வழியைத் தொடர்ந்தாலே சென்னையின் படித்த வர்க்கம் தெற்கே நகர்ந்த வழி தெரிந்துவிடும்.

இன்னொரு கும்பகோணத்துக்காரர் கணிதமேதை ராமானுஜன். திருவல்லிக்கேணியில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தவர், 1912இல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனதும் ஜார்ஜ் டவுனுக்குக் குடிபோனார், துறைமுகம் பக்கம். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்ததும் மறுபடி திருவல்லிக்கேணி. ஒண்டுக்குடித்தனக் காலத்துக் குமாஸ்தாவின் கணக்கு இவ்வளவுதான்: ஆபீசுக்கு எது நடை தூரமோ அதுவே பேட்டை. பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரே கிணறும் ஒரே கழிப்பிடமுமாக இருந்த ‘ஸ்டோர்’ வீடுகள் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் பெருகியதற்கு இந்தக் கணக்கே காரணம்.

பணக்காரருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மயிலாப்பூர் அதற்குச் சாட்சி. 1862இல் ஐகோர்ட் வந்தது. அது இருப்பதோ பாரிமுனையில். அங்கே வழக்காடி வென்ற வக்கீல்கள் குடியிருக்கத் தேர்ந்தெடுத்தது அதிலிருந்து பல மைல் தெற்கே இருந்த மயிலாப்பூரின் லஸ். கம்பெனிக் காலத்து ஐரோப்பியர்கள் கட்டிவிட்டுப் போன தோட்ட வீடுகள் அங்கே கைமாறின. கோயிலும் குளமும் மாட வீதிகளும், விட்டு வந்த ஊரைப் போலவே அமைந்திருந்தன. மதுரையில் பெரிய வக்கீலாக இருந்த எஸ்.சுப்பிரமணிய ஐயர் 1880களில் சென்னைக்கு மாறியபோது மயிலாப்பூர்க் கடற்கரைப் பக்கம் வீடு அமைத்துக்கொண்டார். திருவிடைமருதூரிலிருந்து வந்த வி.கிருஷ்ணசாமி ஐயர் அதோடு நிற்கவில்லை. 1906இல் சமஸ்கிருதக் கல்லூரி, அதை ஒட்டிய ஆண்டுகளில் ஆயுர்வேத வைத்தியசாலை, நூலகம் என்று தன் பேட்டைக்கு வேண்டியதையெல்லாம் அங்கேயே நட்டார். 1903இல் மயிலாப்பூர் கிளப், 1905இல் ஏழை மாணவர்களுக்கான ராமகிருஷ்ணா மாணவர் இல்லம், 1946இல் விவேகானந்தா கல்லூரி, 1956இல் வித்யா மந்திர். குடியேறியவர்கள் முதலில் நிறுவனங்களைக் கட்டினார்கள். பிறகு அந்த நிறுவனங்களுக்காகவே அடுத்த தலைமுறை அங்கு வீடு தேடியது. பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்த பிறகு மந்தைவெளியில் இரண்டு அறைக் குடித்தனம் தேடும் பெற்றோர் இன்றும் உண்டு.

காவிரிக் கரை அக்ரகாரங்கள் காலியாகி நகரங்கள் நிரம்பிய கதையை சி.ஜே.புல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் 2014இல் வெளியிட்ட ‘தமிழ் பிராமன்ஸ்’ என்ற ஆய்வு நூல் விரிவாகச் சொல்கிறது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திப்பிராஜபுரத்தில் அவர்கள் களப்பணி செய்தார்கள். நிலத்தை விட்டுப் படிப்பு, அரசாங்க வேலை, வக்கீல் தொழில், பிறகு கம்ப்யூட்டர் என்று மாறிய ஒரு சாதியின் பயணம் அது. மயிலாப்பூர், மாம்பலம் இரண்டின் மண்வாசனையும் அந்தப் பயணத்தில் வந்ததே. ஆனால் தென்சென்னையின் கதை முழுவதும் அதுவே என்று எடுத்துக்கொண்டால் தி.நகர் புரியாமல் போய்விடும்.

மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே வளைந்து கிடந்த பெரிய ஏரியை வெள்ளைக்காரர்கள் நீள ஏரி என்றார்கள். 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. 1923 முதல் 1925 வரையிலான ஆண்டுகளில் ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து மாம்பலம் குடியிருப்பு எழுப்பப்பட்டது. 1925இல் மறைந்த பிட்டி தியாகராயர் பெயர் ஊருக்கு, அதுவே தி.நகர். அன்றைய முதலமைச்சர் பனகல் அரசரின் பெயர் நடுவிலிருந்த பூங்காவுக்கு. அதைச் சுற்றிய தெருக்களுக்கு டி.எம்.நாயர், நடேசனார், உஸ்மான், ஜி.என்.செட்டி, கடைத்தெருவுக்குப் பின்னாளில் டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியனார். கட்சியின் வருகைப் பதிவேட்டை எடுத்துத் தெருப் பலகைகளில் எழுதிவிட்டார்கள். மயிலாப்பூர் வக்கீல்களின் செல்வாக்குக்கு எதிராக எழுந்த இயக்கம், தன் ஆட்களின் பெயரில் ஒரு ஊரையே கட்டியது. அதில் நிறைய மனைகளை வாங்கிக் குடியேறியவர்கள் மயிலாப்பூரில் இடம் கிடைக்காத பிராமண உத்தியோகஸ்தர்கள் என்பது சரித்திரத்தின் குறும்பு.

தி.நகரைத் தூக்கி நிறுத்தியது மாம்பலம் ரயில் நிலையம். 1931இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதுவரை நடை தூரமே பேட்டையைத் தீர்மானித்தது. இனி ரயில் நேரம் தீர்மானித்தது. செக்ரடேரியட்டிலும் பாரிமுனையிலும் வேலை செய்யும் குமாஸ்தா மாம்பலத்தில் குடியிருக்க முடிந்தது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருச்சி, மதுரை, திருநெல்வேலியிலிருந்து எழும்பூருக்கு வரும் வண்டிகள் இந்தத் தடத்தில்தான் வருகின்றன. கோயம்புத்தூர், சேலத்துக்காரர்கள் சென்ட்ரலில் இறங்குவார்கள். பண்டிகைக்கு மூட்டை முடிச்சோடு ஊருக்குப் போக வேண்டிய குடும்பம், ஊர் ரயில் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் வீடு பார்ப்பது இயல்பு. மாம்பலம், தாம்பரம், செங்கல்பட்டு என்று நீளும் பாதையில் தென்மாவட்டக் குடும்பங்கள் அடர்ந்திருப்பதற்கு நான் கண்ட காரணங்களில் இதையே முதலில் வைப்பேன். வீட்டு வாசலிலிருந்து சொந்த ஊர் வரைக்குமான தூரத்தை எந்த வாடகை ஒப்பந்தமும் எழுதுவதில்லை. வீடு தேடுபவர் மனதில் அது எழுதியிருக்கும்.

பிறகு சினிமா வந்தது. காரைக்குடிக்குப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ நடத்திய ஏவி.எம். 1948இல் கோடம்பாக்கத்துக்கு மாறியது. பாட்டெழுத, நடிக்க, இசையமைக்க வந்தவர்கள் கையில் நாலு காசு சேர்ந்ததும் ரயில் பாதைக்குக் கிழக்கே தி.நகரில் வீடு பிடித்தார்கள். சிறுகூடல்பட்டியிலிருந்து வந்த கண்ணதாசன் குடியிருந்த சாலைக்கு இப்போது அவர் பெயர். விருதுநகரிலிருந்து வந்த காமராஜர் திருமலைப்பிள்ளை சாலையில் வாடகை வீட்டில் இருந்தார். ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்தவர் 1975இல் இறந்தபோதும் அது வாடகை வீடுதான். அவர் கதையைச் சொல்லி எந்த வீட்டுக்காரரிடமும் வாடகையைக் குறைக்க முடியாது என்பது வேறு விஷயம். பாதைக்கு மேற்கே இருந்த மாம்பலம் மலிவாக இருந்தது. அங்கத்திய கொசுவுக்குத் தமிழ் நகைச்சுவையில் நிரந்தர இடம் கிடைத்தது.

அடையாற்றின் கதை இன்னும் தாமதமாகத் தொடங்குகிறது. 1840இல் எல்பின்ஸ்டன் பாலம் கட்டப்பட்டிருந்தாலும் ஆறுதான் நகரின் தெற்கு விளிம்பாக இருந்தது. 1882இல் பிரம்மஞான சபை அங்கே தோட்டமும் வீடும் வாங்கிக் குடியேறியபோது பட்டணத்துச் சந்தடி எட்டவில்லை. 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்ததும் அந்த நிழலில்தான். நடுத்தர வர்க்கத்துக்கு வழி திறந்தது 1940களின் கடைசியில். கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் காந்தி நகரை அமைத்தது. சம்பளக்காரர்கள் சேர்ந்து நிலம் வாங்கி, சாலை போட்டு, தவணையில் கட்டிக்கொண்ட வீடுகள். அரசுடைமைத் தொழில் நிறுவனங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேலைக்கு வந்த தலைமுறை அது. 1948இல் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1954இல் புற்றுநோய் மருத்துவமனை, 1959இல் ஐ.ஐ.டி. 1961இல் உருவான வீட்டு வசதி வாரியம் பிறகு சாஸ்திரி நகர், இந்திரா நகர், பெசன்ட் நகர் என்று கடல் வரைக்கும் மனை பிரித்தது. 1973இல் திறந்த திரு.வி.க. பாலம் ஆற்றின் இரு கரையையும் ஒரே ஊராக்கியது. அந்தப் பகுதியில் முதலில் இருந்த ஊர்கள் ஊரூர்க் குப்பமும் ஆல்காட் குப்பமும் என்பதைப் பெசன்ட் நகர் விலாசத்தில் வாழ்பவர்கள் எப்போதாவதுதான் நினைப்பார்கள்.

பேட்டை முதிர்ந்ததும் கதவு சாத்தப்படுகிறது. சாத்துகிறவர் வீட்டுக்காரர். ‘உங்களுக்குச் சொந்த ஊர் எது?’ என்பது முதல் கேள்வி. அடுத்தது, ‘அங்க எந்தப் பக்கம்?’ மூன்றாவது பெரும்பாலும் உணவைப் பற்றியது. சாதியை வாயால் கேட்காமல் தெரிந்துகொள்ள மூன்று கேள்வி போதும். ‘சைவம் மட்டும்’, ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்று போர்டிலேயே எழுதிவிடுகிறவர் ஒரு வகையில் நேர்மையானவர். வீணாகப் படியேற வேண்டியதில்லை. முஸ்லிம்களும் தலித்துகளும் தனியாக வாழும் பெண்களும் சம்பளச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே திருப்பியனுப்பப்படுவது இந்தப் பேட்டைகளில் யாரும் அறியாத செய்தியல்ல. தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலறிஞர் 1971இல் சதுரங்கக் கட்டம் போன்ற பலகையில் ஒரு சோதனையைக் காட்டினார்: பக்கத்து வீட்டுக்காரர்களில் கொஞ்சம் பேராவது நம்மவராக இருக்கட்டும் என்று எல்லோரும் மிதமாக விரும்பினாலே போதும், ஊர் முழுக்க இரண்டாகப் பிரிந்துவிடும். நம் மாட வீதிகளில் விருப்பம் அவ்வளவு மிதமாகவும் இல்லை.

சட்டம் இதில் என்ன செய்கிறது? 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் சரி என்ற வாசலையும் திறந்துவைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் சென்னையின் பழைய பத்து மாத அட்வான்ஸ் இன்னமும் நடமாடுகிறது. மாதம் 30,000 ரூபாய் வாடகை என்றால் கையில் மூன்று லட்சம் இல்லாமல் சாவி வாங்க முடியாது. மாவட்டத் தலைநகரில் சொந்த வீட்டிலிருந்து வரும் குடும்பத்துக்கு முதல் அடி இங்கேதான் விழுகிறது. சாதி, மதம், உணவைக் காரணம் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை தரும் வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் விதியை 2005இல் உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது.

ஆனால் வீட்டுக்காரரிடம் பேசும் நிலைக்கே வராதவர்கள் தி.நகரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ரங்கநாதன் தெருவின் பெரிய கடைகளைக் கட்டியவர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். வேலையாட்களையும் அங்கிருந்தே அழைத்து வந்தார்கள். சாப்பாடும் தங்குமிடமும் கடையின் பொறுப்பு. தென்கோடியிலிருந்து அறுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்த இளைஞன் நகரின் மிக விலையுயர்ந்த பேட்டைகளில் ஒன்றில் வாழ்கிறான். கூட்டாகப் படுக்கும் ஓர் அறையில். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் அந்த வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2021இல்தான் வந்தது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தனிக்கட்டையாகத் தங்கியவர்களுக்காவது அறை பிடிக்கவில்லையென்றால் அடுத்த மேன்ஷனைப் பார்க்க முடிந்தது.

வேலை தூரம், ஊர் ரயில், பள்ளிக்கூடம், வீட்டுக்காரர் சம்மதம் என்று இதுவரை சொன்ன வரிசையில் தண்ணீர் வரவில்லை. முன்பு அதைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் வரை கடலோர மணற்பரப்பின் அடியில் நல்ல நீர் நின்றது; கிணறு தோண்டினால் சில அடியிலேயே கிடைத்தது. மாடிக் குடியிருப்புகள் பெருகி, போர் ஆழமாகி, கடல்நீர் உள்ளே வரத் தொடங்கிய பிறகுதான் கேள்வி எழுந்தது. நிலத்தடி நீரை உறிஞ்சுவதற்குக் கட்டுப்பாடு 1987இல் சட்டமானது. மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது. 2004இல் வீராணத்திலிருந்து குழாய் வந்தது. கொள்ளிடத்தில் பிரிந்து வடவாற்றின் வழியாக வீராணத்தை நிரப்பும் நீர் அது. காவிரிக் கரையை விட்டு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இப்போது மயிலாப்பூரில் அதே காவிரியை மெட்ரோ வாட்டராகக் குடிக்கிறார்கள். 2013இல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. நாளொன்றுக்கு பத்துக் கோடி லிட்டர், பெரும்பாலும் தென்சென்னைக்கு. இவ்வளவும் இருந்தும் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. பழைய மகாபலிபுரம் சாலையில் சில கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது அப்போதுதான். கொரோனாவுக்கு ஓராண்டு முன்பு.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அடையாறு கரை மீறிச் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் புகுந்தது. 2021 நவம்பரில் தி.நகர் பல நாள் தேங்கிய நீரில் நின்றது. நுங்கம்பாக்கம் பக்கமிருந்து தி.நகர் வழியாக நந்தனத்தில் அடையாற்றைச் சேரும் மாம்பலம் கால்வாய் அடைபட்டதே காரணம் என்று அன்று எல்லோரும் பேசினார்கள். காரணம் இன்னும் கீழே கிடக்கிறது. தூர்த்த ஏரிக்கு மழை பெய்தால் தான் ஏரி என்பது ஞாபகம் வந்துவிடுகிறது. ஏரியின் இன்னொரு பகுதியில் நுங்கம்பாக்கத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அதை ஒட்டிய குடியிருப்பு இன்றும் ‘லேக் ஏரியா’. மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது, ஏரிதான் இல்லை. வீடு பார்க்கப் போகிறவர் அறைகளை அளப்பதற்கு முன்பு தெருமுனை டீக்கடையில் கேட்க வேண்டியவை இவைதான்: மெட்ரோ வாட்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, போர் தண்ணீரில் பருப்பு வேகுமா, 2015இல் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது. புரோக்கர் இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்ல மாட்டார்.

ஊர்க்கோடி விலாசமாகும் பழைய கதை இப்போது தெற்கே வெகுதூரம் தள்ளி நடக்கிறது. 2000இல் டைடல் பார்க் திறந்தபோது அடையாற்றுக்கும் திருவான்மியூருக்கும் வாடகை ஏறியது. பிறகு வேலை சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் போனது. குடியும் பின்னால் போனது. பறக்கும் ரயில் 1997இல் மயிலாப்பூர் வரை வந்து, 2007இல் வேளச்சேரியை எட்டியது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து திருநெல்வேலி, மதுரைப் பேருந்துகளில் வருகிறவர்கள் நகருக்குள் வராமல் அங்கேயே இறங்குகிறார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு அங்கே இறங்கி மயிலாப்பூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். மாம்பலம் ரயில் நிலையம் 1931க்குப் பிறகு தி.நகருக்குச் செய்ததை, கிளாம்பாக்கம் வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பக்கத்துக்குச் செய்யும் என்று நினைக்கிறேன். இன்று அங்கே மனை பார்ப்பவரை ‘அவ்வளவு தூரமா?’ என்று கேட்பவர்கள், காந்தி நகரில் மனை வாங்கியவரையும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம், சுமார் 119 கிலோமீட்டர், இந்தப் போக்கை ஓரளவு திருப்பக்கூடும். மாதவரத்திலிருந்து சிறுசேரிக்குப் போகும் தடமும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் தடமும் மயிலாப்பூரில் சந்திக்கின்றன. பனகல் பூங்காவுக்கு ஒன்று, அடையாற்றுக்கு மற்றொன்று. ஆக மூன்று பேட்டைகளும் தங்களுக்குள் பூமிக்கடியில் கைகோத்துக்கொள்ளும். வாடகை இன்னும் ஏறும் என்பதற்கு ஜோசியம் வேண்டாம். புதிதாக வருகிறவருக்கு இதில் கிடைக்கும் லாபம் வேறு. அங்கே குடியிருக்க முடியாவிட்டாலும், பூந்தமல்லியிலோ சிறுசேரியிலோ இருந்துகொண்டு பிள்ளையை அங்கே பள்ளிக்கு அனுப்பலாம்.

எல்லோருக்கும் அப்படியல்ல. இந்த நகருக்குள்ளேயே இடம் மாறிய, ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்காத மக்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள். ஆற்றங்கரை, கால்வாய்க் கரைக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தியவர்களுக்காக 2000 வாக்கில் கண்ணகி நகரும் பிறகு பெரும்பாக்கமும் எழுந்தன. பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரையிலிருந்து நிறையக் குடும்பங்கள் அங்கே போயின. வீடு போனது, வேலை மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் அப்படியே இருக்கிறது. பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் முன்பு கால்மணி நேரம் நடந்து வந்த பெண்கள் இப்போது விடியும் முன்பே பஸ் பிடிக்கிறார்கள். ஐந்தாவது மெட்ரோ தடத்தின் வரைபடத்தில் பெரும்பாக்கத்துக்கும் ஒரு நிலையம் இருக்கிறது. சோழிங்கநல்லூரில் மாறினால் மயிலாப்பூர் வந்துவிடலாம். ஆனால் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது, மெட்ரோவில் உண்டு. மாதச் சம்பளத்தை நான்கைந்து வீடுகளில் சேர்த்து வாங்குகிறவர் அந்த ரயில் வந்த பிறகும் பஸ்ஸில்தான் ஏறுவார்.